ஒரு தடவை மட்டும் காணப்பட்ட குடும்பங்கள்

என் பிரியாவிடைக் கூட்டத்தில் புதிய பணிப்பாளர் என்னைப் பாராட்டிப் பேசினார். இருபத்தேழு வருடம் இந்த ஆய்வுக் கந்தோரில் தரவு பதிந்தவர், இவருடைய கையில் பிழை வந்ததில்லை, வாயில் கேள்வி வந்ததில்லை என்றார். எல்லோரும் சிரித்துக் கைதட்டினார்கள். நானும் வழக்கம்போலத் தலையைக் குனிந்துகொண்டு சிரித்தேன். பாமன்கடையில் பஸ் இறங்கி நடக்கும்போதுதான் எனக்குக் கோபம் வந்தது. அவர் சொன்ன இரண்டுமே உண்மையில்லை. என் கையால் ஒரு பெரிய பிழை நடந்திருக்கிறது. என் வாயால் ஒரு கேள்வியும் வந்திருக்கிறது. பிழையைச் செய்தபோது ஒருவரும் என்னைக் கண்டிக்கவில்லை. கேள்வியைக் கேட்டபோதுதான் என்னை என் இடத்தில் போய் இருக்கச் சொன்னார்கள்.

அதை எழுதி வைக்கலாம் என்று நினைக்கிறேன். பேசுவது எனக்கு வராது. எழுத்தில் பரவாயில்லை.

நான் படித்தது சாதாரண தரம் வரைக்கும்தான். கொட்டாஞ்சேனையில் ஒரு மாடிப்படிக்குக் கீழே நடந்த வகுப்பில் தட்டச்சுப் பழகினேன். பிறகு ஒரு கடையில் விலைப்பட்டியல் அடித்தேன். அங்கேயிருந்து யாரோ சொல்லி இந்தக் கந்தோருக்கு வந்தேன். வேலை எளிது. வெளியில் போய்க் கேள்வி கேட்கிறவர்கள் வினாக்கொத்துகளைக் கட்டுக் கட்டாகக் கொண்டுவருவார்கள். முதல் பக்கத்தில் பெயரும் விலாசமும் இருக்கும். அந்தப் பக்கத்தை அடிமட்டம் வைத்துக் கிழித்து அலுமாரிக்குள் வைத்துப் பூட்ட வேண்டும். ஆட்களின் பெயர் வெளியே தெரியக்கூடாது என்பது விதி. கிழிக்க முதல் விலாசத்தைப் பார்த்து ஒரு வீட்டு எண் கொடுத்து, அதிலும் மிச்சப் பக்கங்கள் எல்லாவற்றிலும் அந்த எண்ணை எழுத வேண்டும். பிறகு நான் ஒரு தடவை கணினியில் பதிவேன். பக்கத்து மேசைப் பிள்ளை அதையே இன்னொரு தடவை பதிவாள். இரண்டையும் ஒப்பிட்டு, வேறுபடுகிற இடத்தைத் தாளில் பார்த்துத் திருத்துவோம். இந்த வேலையில் நான் கெட்டிக்காரி. அது பெருமைக்குச் சொல்வதில்லை.

வீட்டு எண் எட்டு இலக்கம். முதல் இரண்டும் வட்டாரம், அடுத்த மூன்றும் ஒழுங்கை, கடைசி மூன்றும் கதவு. அந்த விதி ஒரு கைந்நூலில் இருந்தது. கைந்நூல் எங்கேயோ ஒரு நாட்டில், ஒரே வீட்டில் பிறந்து அதே வீட்டில் சாகிற மக்களை மனதில் வைத்து எழுதப்பட்டது. அதை நாங்கள் கொண்டுவந்தது சண்டைக் காலத்துக் கொழும்புக்கு. ஜிந்துப்பிட்டியிலும் கொட்டாஞ்சேனையிலும் அறை எடுத்து இருந்த தமிழ்ச் சனத்திடம். எங்காவது ஒரு குண்டு வெடித்தால் அடுத்த கிழமை வீட்டுக்காரர் வந்து, "நீங்க நல்ல ஆக்கள்தான், ஆனா பொலிஸ் வந்து வந்து கேக்குது" என்று தொடங்குவார். அதற்கு மேல் சொல்லத் தேவையில்லை. சட்டி பானையைக் கட்ட வேண்டியதுதான். புது இடத்தில் மறுபடி பொலிஸ் பதிவு, மறுபடி படிவம், மறுபடி வரிசை. அந்த வருடங்களில் நானே வெள்ளவத்தைக்குள் நான்கு தடவை அறை மாறினேன். அப்படி இருந்தும் எனக்கு அது உறைக்கவில்லை. விலாசம் மாறியிருந்தால் புது எண் கொடுத்தேன். கைந்நூலில் அப்படித்தான் இருந்தது.

என் பிழை அதுதான். விதியைப் படித்தேன், மனிதர்களை யோசிக்கவில்லை.

அந்த ஆய்வு ஜிந்துப்பிட்டியில் இருந்த ஒரு பிள்ளை பராமரிப்பு நிலையத்தைப் பற்றியது. கோயிலுக்குப் பின்னால் இரண்டு அறையும் ஒரு முற்றமும். வேலைக்குப் போகிற தாய்மார் காலையில் பிள்ளைகளை விட்டுவிட்டுப் போவார்கள். பின்னேரம் வந்து கூட்டிப் போவார்கள். ஒரு வெளிநாட்டு நிறுவனம் அதை நடத்த உதவி செய்தது. தொடர்ந்து உதவலாமா, மூடலாமா என்று தெரிந்துகொள்ள அவர்கள் எங்களிடம் கேட்டார்கள்: நிலையம் இருப்பதால் தாய்மார் கூடுதல் நாள் வேலைக்குப் போகிறார்களா? சுற்றியுள்ள ஒழுங்கைகளில் சிறு பிள்ளைகள் உள்ள குடும்பங்களை ஆறு மாதத்துக்கு ஒரு தடவையாக மூன்று தடவை கேட்பது என்று ஏற்பாடு. குடும்பம் இடம் மாறியிருந்தால் விட்டுவிடக் கூடாது, தேடிப் போக வேண்டும்.

தேடிப் போனவர் சுனில் அய்யே. கள வேலை மேற்பார்வையாளர். கொட்டாஞ்சேனையில் பிறந்து வளர்ந்த சிங்களவர். எங்களுக்கு அவர் அய்யே, அதாவது அண்ணன்; களத்தில் காண்கிற பெண்களெல்லாம் அவருக்கு நங்கி, அதாவது தங்கை. அவருடைய அடையாள அட்டையைப் பார்த்தால் சோதனைச் சாவடியில் விட்டுவிடுவார்கள் என்பதற்காக, கேள்வி கேட்கப் போகிற எங்கள் பெண்கள் அவரோடுதான் போவார்கள். கையில் குடையும் ஒரு பிஸ்கட் பக்கெட்டும் எப்போதும் இருக்கும். நாய்க்கு என்பார். பாதியை அவரே சாப்பிடுவார்.

எங்கள் அன்றைய பணிப்பாளரைப் பற்றியும் சொல்ல வேண்டும். அவர் இன்று உயிரோடு இல்லை. பெயர் எழுத மாட்டேன். யாழ்ப்பாணத்தவர், வெளிநாட்டில் பட்டம் பெற்றவர். ஒருநாளும் குரலை உயர்த்தியதில்லை. ஒரு விஷயத்துக்கு இல்லை என்று சொல்லப்போகிறார் என்றால் முதலில் பேனையின் மூடியை எடுத்து மெதுவாகத் திருகி மூடுவார். மூடிய பிறகு பேசிப் பயனில்லை. எங்களிடம் வந்தால் கேட்கிற கேள்வி ஒன்றுதான். "எத்தனை?" எத்தனை வினாக்கொத்து, எத்தனை பிழை, எத்தனை பக்கம். கணிப்பு முடிந்ததும் திரையைத் தான் பார்க்காமல் என்னை வாசிக்கச் சொல்லிக் கேட்பார். கண்ணை மூடிக்கொண்டு கதிரையில் சாய்ந்திருப்பார்.

மூன்று சுற்றும் பதிந்து முடிந்தது. அவர் கட்டளையை எழுதித் தந்தார், நான் அடித்தேன். திரையில் வந்ததை வாசித்தேன். ஒரே வீட்டு எண் உள்ள பதிவுகள் சேர்ந்து கணினிக்கு ஒரு குழு, ஒரு வினாக்கொத்து ஒரு வரி.

"குழுக்களின் எண்ணிக்கை நானூற்றுப் பதினெட்டு, சேர்."

"நல்லது. நானூறுக்கு மேல. ஆரும் குறை சொல்லேலாது. மற்றது?"

"ஒரு குழுவுக்கு வரிகள், குறைஞ்சது ஒண்டு, கூடினது மூண்டு."

"ம். வாசியும்."

மிச்சத்தை வாசித்தேன். நிலையத்துக்கும் வேலை நாளுக்கும் தொடர்பு காணப்படவில்லை என்று அர்த்தம். அவர் குறித்துக்கொண்டார். முதல் நகல் அந்தக் கிழமையே வெளிநாட்டுக்குப் போனது.

எனக்கு அந்த "குறைஞ்சது ஒண்டு" மனதில் கிடந்தது. மூன்று தடவை போனோமே, தேடித் தேடிப் போனோமே, பிறகு எப்படி ஒன்று? இரண்டு நாள் யோசித்தேன். அவருடைய அறைக் கதவில் தட்டுவதற்கு எனக்கு அரை நாள் பிடித்தது. கதவடி வரைக்கும் போய், தண்ணீர் குடிக்க வந்தவள் மாதிரித் திரும்பி வந்தேன்.

"சேர், ஒண்டு கேக்கலாமோ?"

"கேளும்."

"இந்தக் கணிப்பு என்ன செய்யுது சேர்? எனக்கு விளங்கிற மாதிரி."

அவருக்கு அன்று நல்ல மனநிலை. "ஒரு குடும்பத்தை இன்னொரு குடும்பத்தோட ஒப்பிடாது. அதே குடும்பத்தை அதே குடும்பத்தோடதான் ஒப்பிடும். போன தடவை எப்படி இருந்தது, இந்தத் தடவை எப்படி. ஒவ்வொரு குடும்பத்துக்கும் அதின்ர குணம் எண்டு ஒண்டு இருக்குத்தானே, அதைக் கழிச்சு விட்டிடும். விளங்குதோ?"

"ஓம் சேர். அப்ப ஒருக்கா மட்டும் வந்த குடும்பத்தை எதோட ஒப்பிடும்?"

"ஒண்டோடயும் இல்லை. அது சும்மா கிடக்கும். அதால கெடுதி இல்லை."

"சும்மா கிடக்கிறதை ஏன் சேர் எண்ணிக்கையில சேர்க்கிறது?"

அவர் பேனையை மூடினார். "இரும், உம்மட இடத்தில போய் இரும் பிள்ளை. வேலை கிடக்கு."

என் வாழ்நாளில் கந்தோரில் நான் கேட்ட கேள்வி அதுதான். அதற்குப் பதில் கிடைக்கவில்லை. அதனால் நானே எண்ணினேன்.

அதை எண்ணுகிற முறை பெரிய வித்தை இல்லை. கணிப்பில் உண்மையாகப் பயன்பட்ட வரிகளை மட்டும் பிரிக்கும்படி கணினிக்குச் சொல்ல வேண்டும். ஒவ்வொரு குடும்ப எண்ணும் எத்தனை வரியில் வருகிறது என்று எழுதச் சொல்ல வேண்டும். இரண்டு வரிக்குக் குறைந்ததைத் தள்ளிவிட்டு, மிஞ்சிய ஒவ்வொரு எண்ணுக்கும் ஒரேயொரு வரியில் ஒரு குறி போடச் சொல்ல வேண்டும். கடைசியில் குறிகளை எண்ணச் சொல்ல வேண்டும். திரைக்குப் பக்கத்தில் இருந்த உதவிப் புத்தகத்தைத் தடவித் தடவிப் பார்த்து, மதிய இடைவேளையில் மூன்று நாள் முயன்றேன். சாப்பாட்டுப் பார்சலைத் திறக்கவே இல்லை. மூன்றாம் நாள் விடை வந்தது. நூற்றுத் தொண்ணூற்றொன்று.

இருநூற்று இருபத்தேழு எண்கள் ஒரு தடவை மட்டும் வந்து சும்மா கிடந்தன. பாதிக்கு மேலே. பார்க்கிறவருக்கு நானூற்றுப் பதினெட்டுக் குடும்பம் பேசின மாதிரி இருந்தது. உண்மையில் பாதிப்பேருக்கு மேல் வாயைக் கட்டி வைத்திருந்தோம். கட்டி வைத்ததை எண்ணிக்கையில் காட்டிப் பெருமையும் பட்டோம்.

அந்த எண்களின் வினாக்கொத்துகளை எடுத்து மேசையில் அடுக்கினேன். சுனில் அய்யே எதற்கோ அந்தப் பக்கம் வந்தவர் நின்றார்.

"என்ன மிஸ், எல்லாத்தையும் வெளியே போட்டிருக்கு?"

"அய்யே, இந்தக் குடும்பங்கள் எல்லாம் ஒருதரம் மட்டும்தான் கிடைச்சதோ?"

அவர் மேலே இருந்த ஒன்றைப் புரட்டினார். வேலை: வீடு கழுவுதல், கொழும்பு ஏழு. பிள்ளை ஒன்று, ஆண். கணவன் மலைநாட்டில்.

"இது செல்வி நங்கி தானே. ஒருதரமா? மூணு தரமும் நான்தான் போனேன். முதல்ல ஜிந்துப்பிட்டி. அடுத்த தரம் போனா அங்க இல்ல. கேட்டுக் கேட்டு மாளிகாவத்தை பிளாட்ஸுக்குப் பின்னால கண்டுபிடிச்சோம். மழை மிஸ், செருப்பு அறுந்து போச்சு. மூணாந்தரம் கொட்டாஞ்சேனைக்கு வந்திருச்சு. அந்த நங்கி சிரிச்சிச்சு. பொலிஸைவிட நீங்கதான் சீக்கிரம் வர்றீங்கன்னு சொல்லிச்சு."

எழுந்து போய் அலுமாரியைத் திறந்து முதல் பக்கங்களை எடுத்து வந்தேன். செல்வி ஒரு குடும்பம். நான் கொடுத்த எண்கள் மூன்று. கணினிக்கு அவள் ஒரு தடவை மட்டும் காணப்பட்ட மூன்று பேர்.

நான் விளக்கிச் சொன்னதும் சுனில் அய்யேயின் முகம் மாறியது. அவர் கோபப்பட்டு நான் அதற்கு முதல் பார்த்ததில்லை.

"அப்ப எங்களுக்கு என்னத்துக்கு வேலை? நாங்க வெயில்ல மழையில தேடிக் கண்டுபிடிச்சுக் குடுக்கிறது. நீங்க ஏசி அறையில வச்சுத் தொலைக்கிறது."

"நான்தான் அய்யே தொலைச்சது."

"அப்ப நீங்களே தேடுங்க," என்று சொல்லிவிட்டு, கதிரையை இழுத்துப் போட்டு அவரே உட்கார்ந்தார். இரண்டு கிழமை, வேலைக்கு நடுவில், அவரும் நானும் பெயரையும் பிள்ளையின் கிளினிக் அட்டை இலக்கத்தையும் வைத்துப் பொருத்தினோம். அட்டை தொலைந்திருந்த இடத்தில் அவருடைய ஞாபகம் உதவியது. "இந்த அம்மாவுக்குக் கால் கொஞ்சம் இழுக்கும்" என்பார். தேடிப் பார்த்தால் சரியாக இருக்கும்.

பொருத்தப் பொருத்த எனக்கு வேறொன்றும் தெரிந்தது. ஒரே வீட்டில் இருந்தவர்களின் பிள்ளை மூன்று தடவையும் நிலையத்தில் இருந்தது, அல்லது மூன்று தடவையும் இல்லை. அவர்களிடம் ஒப்பிட்டுப் பார்க்க அதிகம் இல்லை. விரட்டப்பட்டு இடம் மாறினவர்களிடம்தான் மாற்றம் இருந்தது. செல்வி ஜிந்துப்பிட்டியில் இருந்தபோது பிள்ளை நிலையத்தில். இரண்டு கிழமையில் பத்து நாள் வேலை. மாளிகாவத்தைக்குப் போனபோது பிள்ளையை அவ்வளவு தூரம் தூக்கிக் காவ முடியவில்லை. மூன்று நாள் வேலை. கொட்டாஞ்சேனைக்கு வந்ததும் பிள்ளை திரும்ப நிலையத்தில். பதினொரு நாள். கேட்ட கேள்விக்குப் பதில் வைத்திருந்தது அவர்கள்தான். நாங்கள் தள்ளிவிட்டதும் அவர்களைத்தான்.

பொருத்திய பட்டியலை எடுத்துக்கொண்டு இரண்டாம் தடவை அந்தக் கதவைத் தட்டினேன்.

அவர் பட்டியலை முழுவதும் வாசித்தார். அதை நான் மறுக்க மாட்டேன், முழுவதும் வாசித்தார். பிறகு எழுந்து கதவைச் சாத்தினார்.

"இதில என்ன இருக்கெண்டு யோசிச்சனீரோ? எந்தத் தமிழ்ச் சனம் எந்த வீட்டிலயிருந்து எந்த வீட்டுக்குப் போனது. பேர், பிள்ளையின்ர பேர், புருசன் எங்க. நாளைக்கு ஒரு ஜீப் வந்து நிண்டு இதைத் தா எண்டால் நான் என்ன செய்ய?"

அந்தப் பயம் பொய்யில்லை. அந்த நாட்களில் பட்டியல் என்ற சொல்லே பயம்தான். ஆனாலும் சொன்னேன்.

"பேர் தேவையில்லை சேர். பழைய நம்பர், புது நம்பர், ரெண்டு வரிசை மட்டும் போதும். இந்தத் தாளைக் கிழிச்சுப் போடலாம்."

நான் அப்படிப் பதில் சொல்வேன் என்று அவர் எதிர்பார்க்கவில்லை. பேனையை மூடினார்.

"முதல் நகல் போயிட்டுது. இப்ப பிழை எண்டு எழுதினால் ஆற்ர பிழை எண்டு கேப்பினம்."

"என்ர பிழை எண்டு எழுதுங்கோ சேர்."

"உம்மட பிழை எண்டால் கந்தோரின்ர பிழை. இது தமிழன் நடத்திற கந்தோர். முதல்ல ஒரு முடிவு குடுத்தாங்கள், பிறகு தங்கட சனத்துக்குச் சாதகமா நம்பரை மாத்தினாங்கள் எண்டு நாளைக்குக் கதை வரும். நாங்கள் தமிழர் எண்டபடியால்தான் இன்னும் கவனமா இருக்க வேணும். விளங்குதோ?"

எனக்கு விளங்கியது. விளங்கியதால்தான் இன்றைக்கும் கொதிக்கிறது. தமிழர் என்றபடியால் வீட்டைவிட்டு எழுப்பினார்கள். தமிழர் என்றபடியால் கணக்கிலிருந்தும் எழுப்ப வேண்டுமா? எழுப்பினவனுக்கு ஒரு காரணம், எங்கள் படித்த மனிதருக்கும் அதே காரணம். அன்று இதை நான் சொல்லவில்லை. "ஓம் சேர்" என்றேன். அவர் பட்டியலை மேசை லாச்சிக்குள் போட்டுப் பூட்டினார்.

இறுதி அறிக்கையைத் தட்டச்சு செய்ய வேண்டியவள் நான்தான். நாற்பத்திரண்டு பக்கம். கடைசி அட்டவணையின் அடியில் ஒரு வரி: கணிப்பில் பயன்பட்ட குழுக்களின் எண்ணிக்கை. அந்த வரிக்கு வந்து விரலை எடுத்துவிட்டேன். "பயன்பட்ட" என்றுதானே எழுதியிருக்கிறது? அவருடைய கையெழுத்திலேயே அப்படி இருந்தது. பக்கத்தில் நானூற்றுப் பதினெட்டு என்று எழுதியிருந்தார். பின்னேரம் வரை மற்றப் பக்கங்களைத் திருத்திக்கொண்டிருந்தேன். பிறகு அந்த வரியில் நூற்றுத் தொண்ணூற்றொன்று என்று அடித்தேன். வேறு ஒரு எழுத்தையும் மாற்றவில்லை. உள்ளே எல்லா இடத்திலும் நானூற்றுப் பதினெட்டு அப்படியே நின்றது.

"எத்தனை?" என்று கேட்டார்.

"நாற்பத்திரண்டு பக்கம், சேர்."

கையெழுத்து வைத்தார். அறிக்கை போனது.

எங்கள் கந்தோரில் ஒருவரும் கவனிக்கவில்லை. வெளிநாட்டில் ஒரு பெண் கவனித்திருக்கிறாள். ஐந்தாம் நாள் ஒரு தொலைநகல் வந்தது. அட்டவணையில் ஒரு எண்ணும் உள்ளே வேறொரு எண்ணும் இருக்கின்றன, எது சரி, மற்றவர்கள் எங்கே போனார்கள் என்று கேட்டிருந்தாள். பணிப்பாளர் தாளைக் கையில் பிடித்தபடி என் மேசைக்கே வந்தார். அப்படித் தாளோடு அவர் வந்தது அதுதான் முதல் தடவை.

"இதை ஆர் போட்டது?"

"நான் சேர்."

"ஏன் போட்டனீர்?"

"எண்ணினேன் சேர். அவ்வளவுதான் இருந்தது."

பக்கத்து மேசைப் பிள்ளை தட்டுவதை நிறுத்திவிட்டாள். வேலை போய்விட்டது என்றுதான் நினைத்தேன். வீட்டில் அம்மா மருந்தில் இருந்தா. வேறு வேலைக்குப் போக என்னிடம் ஒரு சான்றிதழும் இல்லை. அவர் தன் அறைக்குப் போனார். திரும்பி வந்து பட்டியலை என் மேசையில் வைத்தார்.

குடும்பத்துக்கு ஒரே எண்ணாக மாற்றினேன். பெயர் இருந்த தாளை அவருக்கு முன்னாலேயே கிழித்தேன். கணிப்பை மறுபடி ஓட்டினோம். அவர் கண்ணை மூடிச் சாய்ந்திருந்தார்.

"எத்தனை?"

"குழுக்கள் இருநூற்று அறுபத்திரண்டு சேர். அதில ரெண்டு தரத்துக்குக் குறையாமல் வந்தது இருநூற்று நாற்பத்தேழு."

"மற்றது?"

வாசித்தேன். அவர் கண்ணைத் திறந்தார். எழுந்து வந்து, இத்தனை வருடத்தில் செய்யாத மாதிரி, குனிந்து திரையைத் தானே பார்த்தார். பிள்ளை நிலையத்தில் இருந்த காலத்தில் தாய்மார் கூடுதல் நாள் வேலைக்குப் போயிருந்தார்கள். சந்தேகப்படுவதற்கு இடமில்லாத அளவுக்கு.

"சரி, அடியும்," என்றார். பிழை வீட்டு எண் கொடுத்ததில் நடந்தது என்று கடிதம் சொல்லச் சொல்ல அடித்தேன். யாருடைய பிழை என்று அவர் சொல்லவில்லை. அந்த நல்லதை அவருடைய கணக்கில் வைக்கிறேன்.

மூன்று கிழமையில் பதில் வந்தது. மரியாதையான கடிதம். திருத்திய முடிவு மிகவும் பயனுள்ளது, இனிவரும் ஆய்வுகளுக்கு நல்ல பாடம், கவனமாக எண்ணியவருக்கு நன்றி. ஆனால் இந்த வருட ஒதுக்கீடு முதல் நகலை வைத்து முடிவு செய்யப்பட்டுவிட்டது. அந்த முடிவில் மாற்றம் இல்லை, நிலையத்துக்கான உதவி நிறுத்தப்படும்.

முதல் நகல். நான் கேள்வி கேட்டது அது போய் நான்காம் நாள். நான்காம் நாளே ஒரு வரி எழுதி அனுப்பியிருக்கலாம். நான்காம் நாளிலிருந்து அந்தத் தொலைநகல் வரும்வரை எத்தனை நாள் போனது என்று நான் எண்ணி வைத்திருக்கிறேன். இங்கே எழுத மாட்டேன்.

நிலையத்தின் கடைசி நாளுக்கு எங்களையும் அழைத்திருந்தார்கள். பணிப்பாளர் வரவில்லை. சுனில் அய்யேயும் நானும் போனோம். முற்றத்தில் பாய்களைச் சுருட்டி அடுக்கியிருந்தார்கள். சிறுசுகள் அதன் மேல் ஏறி விழுந்து விளையாடிக்கொண்டிருந்தன. பின்னேரம் தாய்மார் ஒவ்வொருவராக வந்தார்கள். சுனில் அய்யே ஒருத்தியைக் காட்டி, "அதுதான் செல்வி நங்கி," என்றார். அதுவரை அவள் எனக்கு மூன்று எண்ணும் ஒரு கையெழுத்தும்தான். சின்ன உருவம். வேலைக்குப் போன சேலையை முழங்காலுக்கு மேல் செருகியபடியே வந்திருந்தாள்.

அவரைக் கண்டதும் சிரித்தாள். "வாங்கய்யா. இன்னும் வீடு மாறலைங்க, தேடி வந்திட்டீங்களே."

"இது எங்க ஒபீஸ் மிஸ்," என்றார் அவர். "நீங்க சொன்னதெல்லாம் இவங்கதான் எழுதுறது."

அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். "அக்காதானா? மூணு தடவையும் எல்லாம் சொன்னேங்கக்கா. ஒண்ணும் மறைக்கல. பக்கத்து ரூமு பாக்கியம் சொன்னா, எதுக்குடி எந்த வீட்டுல இருந்தேன்னெல்லாம் சொல்ற, மாட்டிக்குவன்னு. பிள்ளைங்களுக்காகன்னு சொல்லிட்டுச் சொன்னேன். எங்களையெல்லாம் கணக்குல சேத்தீங்களா?"

"சேர்த்தனாங்கள்," என்றேன்.

"சேத்துமா மூடுறாங்க?"

சுனில் அய்யே குடையைத் தரையில் ஊன்றிக் குத்திக்கொண்டு நின்றார். தலையைக் குனிந்து சிரித்துவிட்டு வந்திருக்கலாம், எனக்கு அதுதான் பழக்கம். ஏனோ அன்று முடியவில்லை.

"இல்லை செல்வி. மூடுறது எண்டு முடிவெடுத்த பிறகுதான் உங்களைச் சேர்த்தது. முதல்ல உங்களை விட்டிட்டம். நான் குடுத்த நம்பர் பிழை."

மகன் ஓடி வந்து அவளுடைய முந்தானையைப் பிடித்து இழுத்தான். அவள் அவனைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள்.

"நாளைக்கு இவனை எங்கக்கா விடுறது?"

பதிலுக்கு அவள் காத்திருக்கவில்லை. மூலையில் இருந்த அவனுடைய தண்ணீர்ப் போத்தலையும் ஒரு சோடிச் செருப்பையும் எடுத்துப் பைக்குள் போட்டுக்கொண்டு, படலையைத் தள்ளி வெளியே போனாள்.